மூளைக் கட்டி உடம்பெல்லாம் பரவுமா?



வீட்டுக்காரருக்குத் தலையில் கட்டி என்று டாக்டர் சொன்னதும் மனைவி கேட்கும் முதல் கேள்வி, "இது உடம்பெல்லாம் பரவிடுமா?" அடுத்த கேள்வியை வாய்விட்டுக் கேட்பதில்லை: "எனக்கும் பிள்ளைக்கும் ஒட்டிக்குமோ?"

ஒட்டாது. ஒரே பாயில் படுத்தாலும், ஒரே தட்டில் சாப்பிட்டாலும், தாம்பத்திய உறவு கொண்டாலும் ஒட்டாது. கதிர் சிகிச்சையோ புற்றுநோய் மருந்தோ நடக்கும் காலத்தில் கரு உண்டாகாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், நிரோத் போதும். நோயாளியைத் திண்ணையில் ஒதுக்கி, தனித் தட்டு வைப்பது வெறும் கொடுமை.

இனி முதல் கேள்வி. மார்பிலோ நுரையீரலிலோ வரும் புற்றுநோய் இரத்தத்தில் கலந்து மூளைக்குப் போவது அடிக்கடி நடப்பது. மூளையிலேயே பிறந்த கட்டி அப்படியல்ல. மண்டைக்குள் பரவும், சில வகை தண்டுவடத்துக்கு இறங்கும், அதைத் தாண்டுவது அபூர்வம். பெரியவர்களுக்கு வரும் கொடிய வகையான கிளியோபிளாஸ்டோமாவில்கூட நூறு பேரில் ஓரிருவருக்கு மேல் அப்படி நேர்வதில்லை. மூளையைச் சுற்றிக் கெட்டியான உறை வரப்பு போல நிற்கிறது. பரவ அவகாசம் கிடைக்குமுன்னே பலருடைய ஆயுள் முடிந்துவிடுகிறது என்பதும் ஒரு காரணம், மறைப்பதற்கில்லை.

அபூர்வமாக வெளியேறினால் எலும்பு, நுரையீரல், கழுத்து நெறிகள், ஈரல் ஆகிய இடங்களில் தங்கும். சிறு பிள்ளைகளின் பின்மூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமா எலும்பைத்தான் அதிகம் நாடும். தலையில் தேங்கும் நீரை வயிற்றுக்கு இறக்கும் குழாய் வழியே கட்டி இறங்கியதும் உண்டு.

"கத்தி பட்டாப் பரவிடும், ஆபரேஷனே வேண்டாம்" என்பார்கள். வெளியே பரவியவர்களில் பலர் ஆபரேஷன் ஆனவர்கள் என்பது மெய்தான். ஆனால் கட்டியை விட்டுவைத்தால் அது தலைக்குள்ளேயே வளர்ந்து உயிரை வாங்கும். குழாயும் அப்படியே; தேங்கிய நீர் காத்திராது.

சிகிச்சை முடிந்து வீடு வந்தவருக்கு முதுகிலோ இடுப்பிலோ ஓயாத எலும்பு வலி, கழுத்தில் நெறி கட்டுதல், காரணமில்லாத மூச்சிரைப்பு வந்தால், "நாத்து நட்ட அலுப்பு" என்று தைலம் தேய்த்துக்கொண்டு இராதீர்கள். பெரும்பாலும் சாதாரண வலியாகவே இருக்கும். இருந்தாலும் காட்டுங்கள். "இடுப்பு வலிக்கும் தலைக்கும் என்ன சம்பந்தம்?" என்று பழைய ஆபரேஷனைச் சொல்லாமல் விடுவதுதான் வழக்கமான தவறு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனாலும் ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரியின் டிஸ்சார்ஜ் சீட்டையும் ஸ்கேன் படத்தையும் கையோடு கொண்டுபோங்கள். கால் மரத்துப்போனாலோ, சிறுநீர் கட்டிக்கொண்டாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும்.