மிடில்டன் ரோவில் ஒரு பள்ளி

நுழையும்முன்

நெடுங்காலம் நிலைத்துவிட்ட ஒரு பள்ளியைக் காணும்போது, அது என்றுமே அங்கு இருந்தது போலத் தோன்றும். ஆயினும், எந்தப் பள்ளிக்கும் ஒரு முதல்நாள் உண்டு. அந்த நாளில் அதன் வாயில் யாருக்குத் திறந்தது, யாருக்குத் திறக்கவில்லை என்பதும் அப்பள்ளியின் வரலாற்றில் அடங்கும். கொல்கத்தாவின் லொரேட்டோ இல்லம் என்னும் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளி தோன்றிய கதையையும் அதன் தொடக்க ஆண்டுகளையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

பள்ளி மறுக்கப்பட்ட நாடு

லொரேட்டோ பள்ளியின் வேர் அயர்லாந்தில் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டின் இறுதியில், அந்நாட்டுக் கத்தோலிக்கர் பள்ளி நடத்துவதை ஆங்கில அரசு சட்டத்தால் தடுத்தது. பிள்ளைகளைக் கல்விக்காக அயல்நாட்டுக்கு அனுப்புவதும் குற்றமாயிற்று. சட்டம் தடுத்தது; கற்கும் வேட்கை அடங்கவில்லை. வயலோர வேலிகளின் மறைவிலும் குடிசைகளிலும் ஆசிரியர்கள் பாடம் சொல்லினர். 'வேலியோரப் பள்ளிகள்' என்றே அவை பெயர் பெற்றன. தமிழ்நாட்டின் திண்ணைப் பள்ளிகள் ஊரார் கண்முன்னே நடந்தவை. வேலியோரப் பள்ளிகளோ ஊர்க்காவலரின் கண்ணுக்கு அஞ்சி நடந்தவை.

இச்சட்டங்கள் பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தளர்த்தப்பட்டன. எனினும், பெண்களுக்கான நல்ல பள்ளிகள் உடனே தோன்றிவிடவில்லை. டப்ளின் நகரப் பட்டு வணிகர் ஒருவரின் மகளாக 1794ஆம் ஆண்டு பிறந்த பிரான்சிஸ் பால், கல்வி பெறுவதற்காகச் சிறுவயதிலேயே கடல்கடந்து இங்கிலாந்தின் யார்க் நகருக்குச் செல்ல வேண்டியிருந்தது. அங்கிருந்த கன்னியர் மடம், மேரி வார்டு என்னும் ஆங்கிலப் பெண்மணி 1609ஆம் ஆண்டு தொடங்கிய துறவற சபையின் மரபைச் சேர்ந்தது. பெண்களுக்குக் கல்வி அளிப்பதே அச்சபையின் முதன்மைப் பணி. பிரான்சிஸ் பால் அம்மரபிலேயே துறவு பூண்டு, தெரேசா பால் என்னும் பெயருடன் தாயகம் திரும்பினார். 1822ஆம் ஆண்டு, டப்ளினுக்கு அருகிலுள்ள ராத்ஃபார்ன்ஹமில் ஒரு மடத்தையும் பள்ளியையும் நிறுவினார். இத்தாலியிலுள்ள லொரேட்டோ என்னும் திருத்தலத்தின் பெயரை அவ்வில்லத்துக்குச் சூட்டினார். தாம் கல்விக்காக நாடு கடந்து சென்ற நிலை பிற பெண்களுக்கு நேரக்கூடாது என்பதற்கு அப்பள்ளி விடையாக அமைந்தது.

கல்கத்தாவின் தேவை

அந்நாளில் கல்கத்தா என்று வழங்கிய கொல்கத்தா, கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியின் தலைநகரமாக இருந்தது. கம்பெனியின் படையில் இருந்த ஐரோப்பிய வீரர்களுள் அயர்லாந்தினர் பலர். போரிலும் காய்ச்சலிலும் அவர்கள் மடிந்தபோது அவர்தம் பிள்ளைகள் ஆதரவின்றி நின்றனர். போர்த்துகீசிய வழிவந்த கத்தோலிக்கக் குடும்பங்களும் நகரில் பல இருந்தன. இக்குடும்பங்களின் பெண்மக்களுக்கு முறையான கல்வி கிடைப்பது அரிதாக இருந்தது.

சென்னையில் ஆயர்ப் பணியில் இருந்த பேட்ரிக் கேரு, 1840ஆம் ஆண்டு வங்காளத் திருச்சபையின் பொறுப்புக்கு நியமிக்கப்பட்டார். அவரும் அயர்லாந்தினரே. அவ்வாண்டுகளில் வங்காளத்திலிருந்து குரு ஒருவர் ராத்ஃபார்ன்ஹம் சென்று, ஆசிரியப் பணிக்குக் கன்னியரை அனுப்புமாறு வேண்டினார். அன்னை தெரேசா பால் முதலில் இசையவில்லை. இளம் சகோதரிகளை அத்தனை தொலைவிலுள்ள வெப்ப நாட்டுக்கு அனுப்பினால் அவர்களை மீண்டும் காண்பது அரிது என்பதை அவர் அறிந்திருந்தார். ஆனாலும், வேண்டுகோள் அவர் மனத்தை மாற்றியது. ஏழு சகோதரியரும், துறவுப் பயிற்சியை நாடிய ஐந்து இளம்பெண்களுமாகப் பன்னிருவர் புறப்பட்டனர். அவர்களின் தலைவியான அன்னை டெல்ஃபின் ஹார்ட், இருபது வயதைச் சற்றே கடந்தவர்.

நான்கு மாதக் கடற்பயணம்

1841ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அவர்கள் கப்பலேறினர். சூயஸ் கால்வாய் 1869ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. ஆகவே, அவர்தம் பாய்க்கப்பல் ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றி வர வேண்டியிருந்தது. நான்கு மாதங்களுக்கு மேல் கடலிலேயே கழிந்தன. டிசம்பர் 30ஆம் நாள் அவர்கள் கல்கத்தாவை அடைந்தனர்.

நகரின் மிடில்டன் ரோ என்னும் தெருவில், 5ஆம் எண் மாளிகை அவர்களுக்காக ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. அது பழைமையும் பெருமையும் உடைய இல்லம். வங்காள ஆளுநராக இருந்த ஹென்றி வான்சிட்டார்ட்டும், உச்ச நீதிமன்றத்தின் முதல் தலைமை நீதிபதி எலைஜா இம்பேயும் வெவ்வேறு காலங்களில் அங்கு வாழ்ந்தனர். இம்பே மான்கள் வளர்த்த பூங்கா அதனைச் சூழ்ந்திருந்தது. அருகிலுள்ள பார்க் தெரு தன் பெயரை அப்பூங்காவிலிருந்தே பெற்றது. ஆளுநரும் நீதிபதியும் விருந்தினரை வரவேற்ற கூடங்கள் இனி வகுப்பறைகளாக வேண்டும்.

அதற்குச் சகோதரியர் நெடுநாள் எடுத்துக்கொள்ளவில்லை. கரையிறங்கிய பன்னிரண்டாம் நாள், 1842ஆம் ஆண்டு ஜனவரி 10 அன்று, பள்ளி தொடங்கிற்று.

இருவகைப் பணி

மிடில்டன் ரோ பள்ளியில் பயின்றோர் பெரும்பாலும் கட்டணம் செலுத்தக்கூடிய குடும்பங்களின் பெண்மக்கள். ஆனால், சகோதரியரின் பணி அத்தெருவுடன் நின்றுவிடவில்லை. போர்த்துகீசியர் எழுப்பிய முர்கிஹட்டா பேராலயத்தைச் சார்ந்திருந்த ஆதரவற்ற சிறுமியருக்கும் அவர்கள் கல்வி அளித்தனர். 1845ஆம் ஆண்டு நகரின் கிழக்கேயுள்ள என்டாலியில் மற்றோர் இல்லம் தொடங்கப்பட்டது. ஆதரவற்ற சிறுமியர் அங்குத் தங்கிப் பயின்றனர்.

பொருளுடையோர் பிள்ளைகளுக்குக் கட்டணப் பள்ளி, வறியோர் பிள்ளைகளுக்குக் கட்டணமில்லாப் பள்ளி என இரண்டையும் ஒருங்கே நடத்துவது அச்சகோதரியரின் மரபு. முன்னதன் வருவாய் பின்னதைத் தாங்கியது. இந்த ஏற்பாட்டினால் வறியோரும் எழுத்தறிவு பெற்றனர். ஆயினும், இருசாராரும் ஒரே பலகையில் அமர்ந்து கற்கவில்லை என்பதையும் மறத்தலாகாது.

பணிக்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. புதிய தட்பவெப்பமும் கொள்ளைநோய்களும் இளம் சகோதரியர் சிலரின் உயிரைத் தொடக்க ஆண்டுகளிலேயே கொண்டன. எஞ்சியவர்கள் பணியைக் கைவிடவில்லை. 1846ஆம் ஆண்டு, அவர்களுள் சிலர் இமயமலைச் சாரலிலுள்ள டார்ஜிலிங்குக்குச் சென்று மற்றொரு பள்ளியைத் தொடங்கினர். அம்மலைக்கு இருப்புப்பாதை 1881ஆம் ஆண்டில்தான் எட்டியது. ஆகவே, படகிலும் பல்லக்கிலுமாக அவர்களின் பயணம் அமைந்தது.

மெல்லத் திறந்த வாயில்

தொடக்கத்தில் லொரேட்டோ இல்லத்தில் பயின்றவர்கள் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியருமான சிறுமியரே. பயிற்றுமொழி ஆங்கிலம். பள்ளிச் சுவருக்கு வெளியே வாழ்ந்த வங்காளப் பெண்மக்களுக்கு அவ்வாயில் அன்று திறக்கவில்லை. பெண்களை வீட்டைவிட்டு வெளியே அனுப்பத் தயங்கிய அக்காலச் சமூகமும் அதற்கு ஒரு காரணம்.

வங்காளப் பெண்களின் கல்விக்கு வேறொரு வாயில் திறந்தது. 1849ஆம் ஆண்டு மே மாதம், ஜான் டிரிங்க்வாட்டர் பெத்தூன் கல்கத்தாவில் ஒரு பெண்கள் பள்ளியை நிறுவினார். 21 சிறுமியருடன் அது தொடங்கியது. ஈசுவர சந்திர வித்யாசாகர் அதன் செயலாளராக விளங்கினார். பெண் கற்றால் குடும்பம் கெடும் என்ற பழியை அப்பள்ளி எதிர்கொண்டு வளர்ந்தது.

காலம் மாற, லொரேட்டோவின் வாயிலும் அகன்றது. இரவீந்திரநாத் தாகூரின் அண்ணன் மகள் இந்திரா தேவி லொரேட்டோவில் பயின்றவர். 1892ஆம் ஆண்டு கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். முதல் வகுப்பு தொடங்கியபின் ஏறத்தாழ அரை நூற்றாண்டு கடந்திருந்தது.

என்டாலி இல்ல வளாகத்திலேயே பிற்காலத்தில் புனித மரியன்னை பள்ளி வங்காள மொழிவழிப் பள்ளியாக இயங்கியது. 1931ஆம் ஆண்டு அங்கு ஓர் இளம் சகோதரி ஆசிரியராக வந்தார். ராத்ஃபார்ன்ஹமில் ஆங்கிலம் கற்று, டார்ஜிலிங்கில் பயிற்சி பெற்று, வங்காள மொழியைக் கற்றுத் தேர்ந்தவர் அவர். 1944ஆம் ஆண்டு அப்பள்ளியின் தலைமையாசிரியரானார். பின்னாளில் உலகம் அன்னை தெரேசா என்று போற்றியவர் அவரே. பள்ளிச் சுவருக்கு அப்பால் இருந்த குடிசைப் பகுதியின் துயரம் அவர் உள்ளத்தை வருத்திற்று. 1948ஆம் ஆண்டு அவர் லொரேட்டோ சபையைவிட்டு வெளியேறி, அக்குடிசைவாழ் பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கத் தொடங்கினார். அங்கே கரும்பலகை இல்லை. குச்சியால் மண்ணில் எழுதிக் காட்டினார்.

முடிவுரை

வேலியோரத்தில் ஒளிந்து கற்றவர்களின் வழித்தோன்றல்கள் கடல்கடந்து வந்து ஒரு மாளிகையில் பள்ளி அமைத்தனர். அம்மாளிகை வாயில் எல்லாருக்கும் ஒரே நாளில் திறந்துவிடவில்லை. அது திறக்கத் திறக்கத்தான் பள்ளியும் வளர்ந்தது. முதல்நாளின் துணிவு போற்றத்தக்கது. அன்று வெளியே நின்றவர் யார் என்று கேட்டு, அவரையும் உள்ளே அழைப்பது அதனினும் பெரிய பணி. ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வோர் ஆண்டும் ஏற்றுச் செய்யவேண்டிய பணி அது.

சொல்லும் பொருளும்

வேட்கை – பெருவிருப்பம்
இசைதல் – உடன்படுதல்
மடிதல் – இறத்தல்
எஞ்சியவர் – மீதமிருந்தோர்
இருப்புப்பாதை – இரயில்பாதை
பயிற்றுமொழி – பாடம் கற்பிக்கப்படும் மொழி

சிந்தித்து விடை எழுதுக

1. வேலியோரப் பள்ளிக்கும் திண்ணைப் பள்ளிக்கும் உள்ள வேறுபாடு யாது?
2. அன்னை தெரேசா பால் முதலில் தயங்கியதற்குக் காரணம் என்ன?
3. கட்டணப் பள்ளி, கட்டணமில்லாப் பள்ளி என்னும் ஏற்பாட்டின் நன்மை ஒன்றையும் குறை ஒன்றையும் எழுதுக.
4. நும் பள்ளி தொடங்கிய ஆண்டையும், முதலில் அங்குப் பயின்றோர் யாவர் என்பதையும் பெரியோரிடம் கேட்டறிந்து பத்து வரிகளில் எழுதுக.