அம்மா வயிற்றிலேயே உருவாகும் கருமுட்டை

திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ, விழுப்புரத்தை அடுத்த முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ ஐந்தாம் மாத ஸ்கேனுக்காக ஒரு கர்ப்பிணி வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று பார்த்துச் சொல்வது சட்டப்படி குற்றம். ஆனால் அது பெண்ணாக இருந்தால், அந்தச் சிசுவின் சினைப்பைகளில் அப்போதே 60 முதல் 70 லட்சம் முட்டைச் செல்கள் இருக்கும். அதற்குப் பிறகு அந்த எண்ணிக்கை குறையுமே தவிர கூடாது. பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். வயதுக்கு வரும்போது 3 முதல் 4 லட்சம். அவற்றிலும் முதிர்ந்து வெளியேறுபவை ஆயுள் முழுக்க 400, 500தான்.

நம் உடல் செல்களில் 46 குரோமோசோம்கள் உண்டு. பிள்ளைக்கு அம்மாவிடமிருந்து 23, அப்பாவிடமிருந்து 23 போக வேண்டும். அதனால் முட்டைச் செல் தன் குரோமோசோம்களைப் பாதியாக்கிக்கொள்ள வேண்டும். இதற்கான செல் பிரிவு இரண்டு கட்டங்களாக நடக்கும். அது சிசுப் பருவத்திலேயே தொடங்கி, முதல் கட்டத்தின் பாதியில் நின்றுவிடுகிறது. சில முட்டைகள் 12 ஆண்டுகள், சில 40 ஆண்டுகள்கூட அப்படியே காத்திருக்கின்றன.

வயதுக்கு வந்த பிறகு, மாதந்தோறும் சில முட்டைகள் வளரத் தொடங்கும். ஒவ்வொன்றையும் சுற்றி நீர் நிறைந்த ஒரு சிறு பை இருக்கும். பெரும்பாலும் ஒரு பை மட்டும் முந்திக்கொண்டு சுமார் 20 மில்லிமீட்டர் வரை வளரும். ஸ்கேனில் மருத்துவர் அளந்து சொல்வது இந்தப் பையைத்தான். உள்ளிருக்கும் முட்டையின் குறுக்களவு 0.1 மில்லிமீட்டரைச் சற்றே தாண்டும். மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். ஹார்மோனைத் திடீரெனக் கூட்டியதும், நின்றிருந்த பிரிவு மறுபடி நகர்கிறது. சுமார் 36 மணி நேரத்தில் பை வெடித்து, முட்டை கருக்குழாய்க்குள் போகிறது. அங்கே அதன் ஆயுள் ஒரு நாள்தான். விந்தணு உள்ளே நுழைந்தால் மட்டுமே பிரிவின் இரண்டாம் கட்டம் முடிவடைகிறது.

இத்தனை ஆண்டுகள் காத்திருப்பதில் குரோமோசோம்களைச் சேர்த்துப் பிடித்திருக்கும் பிணைப்பு தளர்கிறது; அதனால் அவை சரியாகப் பிரியாமல் போகலாம். 35 வயதுக்குப் பிறகு கருத்தரிப்பு தாமதமாவதற்கும் கருச்சிதைவு கூடுவதற்கும் இது முக்கியக் காரணம். இதில் எந்தப் பெண்ணின் குற்றமும் இல்லை.

எனவே "முட்டை சரியில்லை" என்று மருமகளைக் குறைசொல்வதை விட்டுவிடுங்கள். ஓராண்டு முயன்றும் கரு தங்காவிட்டால், மனைவிக்கு 35 வயது தாண்டியிருந்தால் ஆறு மாதத்திலேயே, கணவனும் மனைவியும் சேர்ந்து மருத்துவரிடம் போங்கள். பரிசோதனை இருவருக்கும் தேவை.