மின்கலம் தளர்ந்தால் கருவியையே மாற்றுவதா?

தச்சர், கூரைத் தகடு பூட்டுவோர், வீடுகளுக்கு மின்னிணைப்புச் செய்வோர் ஆகியோரின் கையிலே இக்காலத்தில் வயரில்லாத துளைகருவி ஒன்றைக் காண்கிறோம். அதன் பிடியின் அடியிலே பொருத்தப்பட்ட மின்கலப் பொதியே அதற்கு உயிர். பேச்சு வழக்கிலே அதனைப் பற்றரி என்கிறோம். சில ஆண்டுகள் உழைத்தபின் அது தளர்ந்துவிடுகிறது. கடைக்குச் சென்றாலோ, "பற்றரியை மட்டும் வாங்குவதிலும் பார்க்கப் புதிய கருவியையே வாங்கிவிடுங்கள்" என்று கடைக்காரர் கூறுகிறார். நாட்கூலியில் வாழும் தொழிலாளிக்கு இது பல நாள் உழைப்பைப் பொறுத்த கேள்வியாகும். 2022 ஆம் ஆண்டிலே அந்நியச் செலாவணி வற்றி, ரூபாவின் பெறுமதியும் வீழ்ந்தபோது, கருவியைப் பேணி வைத்திருந்தவர்க்கும் அவ்வாறு செய்யாதவர்க்கும் உள்ள வேறுபாட்டை நம்மவர் பலர் நேரிலேயே உணர்ந்தனர்.

வயரில்லாத மின் துளைகருவியை 1961 ஆம் ஆண்டிலே அமெரிக்காவின் பிளாக் அன்ட் டெக்கர் நிறுவனம் முதன்முதலில் விற்பனைக்குக் கொணர்ந்தது. பத்தாண்டுகள் கழித்து, 1971 இல், அப்பலோ 15 இல் சென்றவர்கள் சந்திரனின் நிலத்தைத் துளைத்ததும் மின்கலத்தால் இயங்கிய கருவியினாலேயே. மண்ணுலகத்துக் கருவிகளில் நெடுங்காலம் இருந்தவை நிக்கல்-கட்மியம் கலங்கள். கட்மியம் நச்சு உலோகமாகும். ஆதலால் ஐரோப்பிய ஒன்றியம் இவ்வகைக் கருவிகளுக்கான அக்கலங்களின் விற்பனையை 2016 ஆம் ஆண்டின் இறுதியுடன் தடைசெய்தது. அவற்றின் இடத்தை இலிதியம்-அயன் கலங்கள் பிடித்துக்கொண்டன.

இனி, பொதியின் உள்ளே யாது உளது என்று பார்ப்போம். 18 வோல்ற்று எனக் குறிக்கப்பட்ட இலிதியப் பொதியிலே, ஒவ்வொன்றும் 3.6 வோல்ற்று உடைய ஐந்து கலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டிருக்கும். பெரிய பொதியாயின் ஐந்து இணைகளாகப் பத்துக் கலங்கள் இருக்கும். (சில பெட்டிகளில் 20 வோல்ற்று என்று எழுதியிருப்பதைக் கண்டு மயங்க வேண்டா. முழுதாக மின்னேற்றிய உடனே இதே ஐந்து கலங்கள் காட்டும் அளவு அது, ஆற்றல் மிகுந்துவிடவில்லை.) தொடராக நிற்கும் இக்கலங்களில் ஒன்று நலிந்தாலும் பொதி முழுவதும் நலிந்ததாகும். ஏனைய நான்கும் நலமாயிருக்க, உள்ளிருக்கும் காவற்சுற்று வேலையை நிறுத்திவிடும். அதனாலேதான் பொதியைப் பிரித்துக் கலங்களை மட்டும் மாற்றலாமே என்ற எண்ணம் பலருக்கும் எழுகிறது.

எண்ணம் தவறன்று; செய்கையிலேதான் இடர். இலிதியக் கலத்தினுள் இருக்கும் திரவம் எளிதில் தீப்பற்றக்கூடியது. கலத்தின் மீது நேரே பற்றாசுக் கோலை வைத்துச் சூடேற்றினால் உள்ளிருக்கும் மெல்லிய தடுப்பு உருகிக் குறுஞ்சுற்று ஏற்படலாம். அதற்கென அமைந்த பொறியினால் நிக்கல் பட்டையைப் புள்ளிபுள்ளியாக ஒட்டுவதே முறை. பழைய கலத்தையும் புதிய கலத்தையும் கலந்து தொடுப்பதும் ஆகாது. நெடுநாள் முற்றாக வறண்டு கிடந்த பொதியை வேறொரு பொதியுடன் கம்பியால் இணைத்து "எழுப்பிவிடும்" வழக்கமும் உண்டு. அவ்வாறு வறண்ட கலத்தினுள்ளே செப்பு கரைந்து படிந்திருக்கக்கூடும். எழுந்தது போலத் தோன்றிப் பின்பு தீயாக முடியலாம். நிக்கல்-கட்மியப் பொதியைப் பயின்ற கைகள் புதுக்கலங்களால் நிரப்புவது இத்துணை ஆபத்தன்று.

வாங்குமுன் செய்யத்தக்க சோதனை ஒன்றுண்டு. அதே நிறுவனத்துக் கருவி வைத்திருக்கும் நண்பரிடம் நல்ல பொதியொன்றை இரவல் பெற்று உங்கள் கருவியில் மாட்டிப் பாருங்கள். விசையோடு சுழன்றால் குறை பொதியிலே. அப்பொழுதும் முனகினால், அல்லது துளையூசியைப் பற்றும் வாய் ஆட்டம் கண்டிருந்தால், பற்சில்லுகள் தேய்ந்து ஒலித்தால், அக்கருவிக்குப் புதுப்பொதி வாங்குவது வீண் செலவு. காபன் தூரிகை மட்டும் தேய்ந்திருந்தால் அதை மாற்றுவது மிக எளிது.

கருவியைக் குறைந்த இலாபத்துக்குத் தந்து பொதியிலே ஈட்டிக்கொள்வது உற்பத்தியாளர் பலரின் வழி. ஒரு நிறுவனத்துப் பொதி பெரும்பாலும் மற்றொன்றிற் பொருந்தாது. அது தற்செயலாக நேர்ந்ததன்று. எனவே ஒரே பொதியால் இயங்கும் மூன்று நான்கு கருவிகளை வைத்திருப்பவர் அந்நிறுவனத்தின் மெய்யான பொதியையே வாங்குவது நன்று. மலிவான போலிப் பொதிகளில் வெப்பமறியும் உறுப்பு இல்லாதிருப்பதும், மேலே எழுதிய கொள்ளளவு உள்ளே இல்லாதிருப்பதும் உண்டு. பொதி கிடைக்காத பழைய நிக்கல்-கட்மியக் கருவி ஒன்றையே உடையவர், அதனை விட்டுப் புதியதை வாங்கலாம். ஒரே பட்டறையில் இருந்து வேலை செய்பவருக்கோ நான் கூறுவது வேறு: வயருள்ள துளைகருவியை வாங்குங்கள். அது பொதியின் தயவை எதிர்பாராது பல்லாண்டு உழைக்கும்.

என்னிடம் கல்வி கற்றுப் பின் தச்சுத்தொழிலை மேற்கொண்ட இளைஞர் ஒருவர், பொதியை ஒவ்வொரு முறையும் முற்றாக வறளவிட்ட பின்பே மின்னேற்றுவதாகப் பெருமையுடன் கூறினார். மூத்த தொழிலாளர் கற்பித்த விதி அது. நிக்கல்-கட்மியத்துக்கு அது ஓரளவு பொருந்தியது; இலிதியத்துக்கோ கேடு. வலு குறைவதை உணர்ந்ததும் நிறுத்தி, சூடாறிய பின் மின்னேற்றுவதே ஏற்றது. வெயிலில் நிற்கும் வாகனத்துள் பொதியை விட்டுவைத்தல், முழு மின்னேற்றத்துடன் மாதக்கணக்காக மூலையில் வைத்தல் ஆகிய இரண்டும் அதன் ஆயுளைக் குறைப்பன. நெடுநாள் வைப்பதாயின் பாதியளவு ஏற்றிக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள்.

உழைத்து முடிந்த பொதியைக் குப்பையோடு எறியலாகாது. குப்பை வண்டியில் நசுங்கினால் அது தீப்பற்றும். அதன் உலோக முனைகளின் மேல் ஒட்டுநாடாவைச் சுற்றி, எரியக்கூடிய பொருள்களுக்கு அப்பால் வைத்து, மின்கழிவு சேர்ப்போரிடம் ஒப்படையுங்கள்.