எந்த ஹாட்ஜ்கின்?

ஹாட்ஜ்கின் என்பது மருத்துவப் பாடநூலில் ஒரு நோய். நரம்பியலில் ஒரு சமன்பாடு. வேதியியலில் ஒரு நோபல் பரிசு. ஓவியத்திலும் அந்தப் பெயர் உண்டு. நால்வரும் வெவ்வேறு ஆட்கள் என்றாலும் பெயர் தற்செயலாக ஒத்துப்போனதல்ல. குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த ஓர் ஆங்கிலேயக் குடும்பத்தின் பெயர் அது.

மூத்தவர் தாமஸ் (1798–1866), லண்டன் கைஸ் மருத்துவமனையில் பிணக்கூறாய்வு செய்தவர். நிணநீர் முடிச்சுகளும் மண்ணீரலும் வீங்கும் ஒரு நோயைப் பற்றி 1832இல் எழுதினார். அன்று அதை யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 1865இல்தான் சாமுவேல் வில்க்ஸ் அந்நோய்க்கு அவர் பெயரைச் சூட்டினார். அதற்கு வெகு முன்பே தாமஸ் கைஸ் மருத்துவமனையை விட்டு விலகியிருந்தார். குடியேற்ற நாடுகளின் பூர்வகுடிகளுக்காக வாதாடுவது அவருடைய வாழ்நாள் வேலைகளில் ஒன்றாக இருந்தது. யாஃபா நகரில் காலமானார்.

ஆலன் (1914–1998) ஆராய்ந்தது நரம்பில் செய்தி ஓடும் விதத்தை. அதற்கு உதவியது கணவாய். அதன் பெரிய நரம்பிழை ஒரு மில்லிமீட்டர் வரை தடித்திருப்பதால் உள்ளேயே மின்முனையைச் செருகலாம். ஓய்வில் இழையின் உட்புறம் எதிர்மின் நிலையில் இருக்கும். துடிப்பின்போது அது பூச்சியத்துக்கு வரும் என்றே அன்று நம்பினார்கள். 1939இல் பிளிமத்தில் ஆலனும் ஆண்ட்ரூ ஹக்ஸ்லியும் அளந்தபோது, பூச்சியத்தையும் தாண்டி நேர்மின் நிலைக்கே போனது. உடனே போர் வந்தது. ஆலன் ரேடார் வேலைக்குப் போனார். காரணம் பிறகுதான் தெளிவானது: முதலில் சோடியம் அயனிகள் உள்ளே பாய்கின்றன; பின்னர் பொட்டாசியம் அயனிகள் வெளியேறி பழைய நிலையை மீட்கின்றன. இதைக் கணக்காக்கிய சமன்பாடுகள் 1952இல் வெளிவந்தன. கேம்பிரிட்ஜ் கணினி அப்போது கிடைக்காததால், கைப்பிடி சுழற்றும் கணக்கு எந்திரத்தில் ஹக்ஸ்லி அவற்றைப் போட்டுத் தீர்த்தார். இன்றைய நரம்பு மாதிரிகள் பலவற்றுக்கும் அடிப்படை அந்தக் கைக்கணக்குதான். 1963இல் இருவருக்கும் நோபல் கிடைத்தது; ஜான் எக்லஸும் அதில் பங்குபெற்றார்.

அடுத்த ஆண்டே இன்னொரு ஹாட்ஜ்கினுக்கு நோபல். டோரதி (1910–1994) பிறப்பால் குரோஃபூட். ஆலனின் உறவினரான தாமஸ் லயனலை 1937இல் மணந்து இப்பெயரைப் பெற்றார். எக்ஸ் கதிர்ப் படிகவியல் மூலம் பெனிசிலின், வைட்டமின் பி12 ஆகியவற்றின் அமைப்பைக் கண்டறிந்தார். இன்சுலினை 1935இல் படமெடுத்தவர், அதன் அமைப்பை முழுதாக அறிந்தது 1969இல்.

ஹோவர்ட் (1932–2017) அறிவியல் பக்கமே போகவில்லை. மரப்பலகையில் தீட்டி, சட்டத்தையும் சேர்த்தே வண்ணத்தில் தோய்த்தவர். இந்தியச் சிற்றோவியங்களைத் தேடித் தேடிச் சேர்த்தார். டெல்லியில் சார்லஸ் கொரியா வடிவமைத்த பிரிட்டிஷ் கவுன்சில் கட்டடத்தின் முகப்புச் சுவரில் கறுப்பு வெள்ளைக் கற்களால் அமைந்த மர உருவம் இவர் வரைந்து கொடுத்ததே.