மோட்டார் புகையும் அதன் தர நிலையும்

நூலுக்கு நம்பர் உண்டு. நம்பர் ஏற ஏற நூல் மென்மையாகும் என்பதை நெசவாளருக்கு எவரும் சொல்ல வேண்டியதில்லை. மோட்டார் வண்டி வெளிவிடும் புகைக்கும் அவ்வாறே ஒரு நம்பர் உண்டென்பதை நம் அங்கத்தினருள் பலர் அறியார். ஜவுளி ஏற்றவும், பூவும் காய்கறியும் கோயம்பேட்டுக்கு அனுப்பவும் சங்கங்கள் வண்டி வாங்க முற்படும்போது, இதை அறியாதிருப்பது பொதுப் பணத்துக்கும் நம் மூச்சுக்கும் ஒருங்கே நஷ்டமாகும்.

இந்நம்பருக்குப் ‘பாரத் ஸ்டேஜ்’ என்று பெயர். ஐரோப்பிய விதிகளை ஒட்டி 2000-ஆம் ஆண்டில் நம் நாட்டில் இது தொடங்கிற்று. நான்காம் நிலை 2010-இல் சென்னை முதலிய நகரங்களிலும், 2017-இல் நாடெங்கும் அமலாயிற்று. ஐந்தாம் நிலையைத் தாண்டி, 2020 ஏப்ரல் 1 முதல் ஆறாம் நிலையே புது வண்டிகளுக்கு விதியாயிற்று.

கார்பன் மோனாக்ஸைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்ஸைடுகள், நுண்துகள் ஆகியவற்றுக்கு இவ்விதிகள் வரம்பு கட்டுகின்றன. டீசல் கார் ஒரு கிலோமீட்டரில் வெளிவிடத்தக்க நைட்ரஜன் ஆக்ஸைடுகள் நான்காம் நிலையில் 250 மில்லிகிராம்; ஆறாம் நிலையில் 80. நுண்துகளோ 25-இலிருந்து 4.5 ஆகக் குறைந்தது. நெடுஞ்சாலையோரம் வீடும் கடையும் நெருங்கிய திருநின்றவூர் போன்ற ஊர்களுக்கு இது சிறிய வேற்றுமையன்று.

பழைய வண்டி மலிவாக வருகிறதென்றால் விற்பவர் சொல்லை மட்டும் நம்பலாகாது. பதிவுச் சான்றில் நிலையைப் பார்க்க வேண்டும். முன்கண்ணாடியில் ஒட்டப்படும் வில்லை பெட்ரோல், சி.என்.ஜி. வண்டிக்கு நீலம், டீசலுக்கு ஆரஞ்சு; ஆறாம் நிலையாயின் அதன் மேல் பச்சைப் பட்டை இருக்கும். புகைச் சோதனைச் சான்று நான்காம், ஆறாம் நிலை வண்டிகளுக்கு ஓராண்டும், முந்தியவற்றுக்கு ஆறு மாதமும் செல்லும்.

பராமரிப்புக் குறைந்தால் தரம் ஏட்டளவில்தான் நிற்கும். ஆறாம் நிலை டீசல் வண்டியின் புகை வடிகட்டி, குறுந்தூர ஓட்டத்திலேயே எப்போதும் இருந்தால் கரியால் அடைபடும். பெரிய வண்டிகள் பலவற்றில் நைட்ரஜன் ஆக்ஸைடுகளைப் போக்க 32.5 சதவீத யூரியாக் கரைசல் ஊற்றப்படுகிறது. வயலுக்கு வாங்கிய யூரியாவைக் கரைத்து அதில் ஊற்றினால் கருவி கெடும். இதை விவசாய அன்பர்கள் மனத்திற்கொள்க.

இந்நிலைகள் கரியமில வாயுவைக் கணக்கில் கொள்வதில்லை. எந்நிலை வண்டியாயினும் 1 லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 2.6 கிலோ கரியமில வாயு உண்டாகும். பச்சை நம்பர் பலகை தாங்கிய மின்சார வண்டிக்குப் புகைக்குழாயே இல்லை; நம் தெருவுக்கு அது பெரும் நன்மை. ஆயினும் அதற்குரிய மின்சாரத்தில் ஒரு பகுதி நம் மாவட்டத்து வல்லூர், அத்திப்பட்டு அனல் நிலையங்களில் நிலக்கரியை எரித்தே வருகிறது. காற்றாலையும் சூரிய மின்சாரமும் பெருகப் பெருக அக்குறையும் நீங்கும்.

ஆகவே நிர்வாகக் குழு தீர்மானம் நிறைவேற்றுமுன் நிலை, பராமரிப்புச் செலவு, மாதாந்தர ஓட்டம் மூன்றையும் எழுதி வைத்து ஆலோசிக்கட்டும். அடுத்தடுத்த இரு சங்கங்கள் ஒரே வண்டியில் சரக்கேற்றி, வெறும் வண்டி திரும்பாமல் பார்த்துக்கொண்டால் டீசலும் மிஞ்சும், புகையும் குறையும். கூட்டுறவு என்பதன் பொருளும் அதுவன்றோ?