எலும்பிலிருந்து எழும் உடம்பு

செஞ்சிக்குப் பக்கத்தில் செத்தவரைப் பாறையில் பழங்கால மனிதர் விலங்குகளைத் தீட்டிவைத்திருக்கிறார்கள். சில உருவங்களில் உடம்பின் உட்புறமும் தெரியும். இதை ஊடுகதிர் பாணி என்பார்கள். வேட்டையாடி, அறுத்து, பங்கிட்டவருக்கு மானின் உள்ளும் புறமும் ஒன்றுபோலப் பழக்கம்தானே!

அழிந்துபோன டைனோசரை வரைபவருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எலும்பிலிருந்துதான் தொடங்க வேண்டும். எலும்பில் எங்கே சொரசொரப்பான தழும்பு இருக்கிறதோ அங்கே தசை பற்றியிருந்தது என்று பொருள். அதை வைத்துத் தசையைப் போர்த்தி, இன்றைய முதலையையும் பறவையையும் பார்த்துப் பார்த்துத் தோலை மூட்டுவார்கள்.

எலும்பே போய்விட்டால்? அரியலூர்ப் பக்கத்துக் கல்லமேட்டில் அதுதான் நடந்தது. அங்கே கிடைத்த டைனோசர் எலும்புகளுக்கு ஆய்வாளர்கள் யாதகிரியும் அய்யாசாமியும் 1987இல் வைத்த பெயர் பிருகத்காயோசாரஸ், அதாவது பேருடல் கொண்ட பல்லி. முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு மட்டுமே 2 மீட்டர். முதலில் அதை ஊனுண்ணி என்றார்கள். அப்படியானால் இரண்டு காலில் நடக்கும் உருவம். பிறகு நீண்ட கழுத்துள்ள தாவர உண்ணி என்று தெளிந்தது. நான்கு கால் வந்துவிட்டது. அதே எலும்பு, இரண்டு வேறு மிருகங்கள்!

அந்த எலும்புகள் பொடிந்து அழிந்துவிட்டன. மிஞ்சியவை கோட்டோவியங்களும், 2022இல் வெளியான பழைய புகைப்படங்களும்தான். அவற்றின் அளவுகளைக் கொண்டு 2023இல் போட்ட ஒரு கணக்கு, எடை 110 டன்னிலிருந்து 170 டன் வரை இருக்கலாம் என்கிறது. நீலத் திமிங்கிலத்தோடு ஒப்பிடத்தக்க எடை! திமிங்கிலத்தைக் கடல் தாங்குகிறது, இதை நான்கு கால்கள் தாங்கியிருக்க வேண்டும். ஆகவே கால்களைத் தூண்போல நேராக நிறுத்துவார்கள். முன்பாதத்தில் யானை நகம் போடுவது பலர் செய்யும் பிழை. இது சேர்ந்ததாகக் கருதப்படும் டைட்டனோசார் வகையில் பெரும்பாலானவற்றுக்கு முன்பாதத்தில் விரல் எலும்புகளே இல்லை.

இன்றும் வாழும் விலங்கினமும் வரைபவரை ஏமாற்றும். கரையொதுங்கிச் செத்த நீலத் திமிங்கிலத்தின் தொண்டைப்பை தொங்கி உப்பியிருக்கும். அதைப் பார்த்து வரைந்த பழைய படங்களில் அது தலைப்பிரட்டைபோலத் தெரிகிறது. நீந்தும்போதோ அது ஒடிசலான, நீண்ட உடம்பு.

கல்லமேட்டு விலங்குக்கு முழு உருவம் வரைபவர்கள், கிடைத்த எலும்புகளை மட்டும் கறுப்பாக நிரப்பி, மற்றதை வெறுங்கோடாக விட வேண்டும் என்பது என் எண்ணம். அந்த மண்ணில் இன்னோர் எலும்பு தலைகாட்டினால், பெயர்த்தெடுக்கும் முன்பே பக்கத்தில் உட்கார்ந்து வரைய ஒருவர் வேண்டும்.