வழுவமைதி

இலக்கணம் சொற்களுக்கு விதி வகுப்பது. எனினும், விதியினின்று விலகிய சொற்களுள் சிலவற்றை அது தள்ளாது ஏற்றுக்கொள்கின்றது. அவ்வாறு ஏற்றுக்கொள்ளுதலே வழுவமைதி எனப்படும். வழு என்பது தவறுதல்; அமைதி என்பது பொருந்துதல். எனவே, வழுவாயினும் தக்க காரணம் பற்றி அமைத்துக்கொள்ளப்படுவது என்பது இச்சொல்லின் பொருளாயிற்று.

சொற்றொடர்களை வழாநிலை, வழு, வழுவமைதி என மூன்றாகப் பகுப்பர். திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்னும் ஏழும் தம்முள் மயங்குதல் வழு என்பது நன்னூல். தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதலியலாகிய கிளவியாக்கமும் இதனையே விரித்துரைக்கின்றது. சேனாவரையர் முதலிய உரையாசிரியர்கள், வழுவைக் கடிதலும் வழுவை அமைத்தலும் ஆகிய இரண்டும் மொழியைக் காக்கும் நெறிகளே எனக் கொண்டனர். சேனாவரையர் உரை புன்னாலைக்கட்டுவன் சி. கணேசையரின் குறிப்புக்களுடன் 1938இல் வெளிவந்தமையால், ஈழத்து மாணவர் இப்பகுதியைத் தெளிவாகக் கற்கும் வாய்ப்புப் பெற்றனர்.

இனி, வழுவை அமைத்தற்குரிய காரணம் யாது எனின், பேசுவோன் உள்ளமே என்க. திணையும் பாலும் மயங்குதற்கு உவப்பு, உயர்வு, சிறப்பு, சினம், இழிப்பு என்னும் ஐந்து காரணங்களை நன்னூலார் கூறுவர். காலம் மயங்குதற்கு விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்பவற்றைக் கூறுவர்.

இவற்றுக்கு எடுத்துக்காட்டுத் தேடி ஏட்டைப் புரட்ட வேண்டுவதில்லை. நுவரெலியா மாவட்டத்து டயகமத் தோட்டத்து லயங்களிற் செவிகொடுத்தாற் போதும். காலையிற் பெரட்டுக்குச் செல்லும் தோழி வாயிலில் நின்று அழைக்கின்றாள். உள்ளே இடுப்பிற் படங்கைக் கட்டிக்கொண்டிருப்பவள், 'இதோ வந்துவிட்டேன்' என்கின்றாள். அவள் இன்னும் வரவில்லை. எதிர்காலம் விரைவு பற்றி இறந்தகாலம் ஆயிற்று. 'இந்த மழையில் அந்த ஏற்றத்தில் ஓடினால் விழுந்தாய்' என்று பாட்டி பேரனை எச்சரிக்கின்றாள். இது தெளிவு பற்றியது. கொழுந்துக் கூடையை இறக்கிவைத்த தாய் தன் மகளை 'வாடா கண்ணு' என்று அணைக்கின்றாள். இஃது உவப்பினாற் பால் வழுவி அமைந்தது.

ஒருவரைப் பன்மையாற் கூறும் வழக்கும் ஈண்டு நோக்கத்தக்கது. 'துரை வந்தார்கள்' என்பது உயர்வு பற்றி வழக்கில் வந்ததேயன்றி, இலக்கண நெறியால் அமைந்ததன்று எனத் தொல்காப்பியர் கருத்தாற் கொள்ளலாம்.

இவ்விடத்து ஊன்றி நோக்க வேண்டுவது ஒன்றுண்டு. 'தங்கச்சி வந்துச்சு' என்று அண்ணன் கூறுகின்றான். உயர்திணைப் பெயர் அஃறிணை வினை கொண்டது, காரணம் உவப்பு. 'அந்தக் கூலி வந்துச்சு' என்று மேலாள் ஒருவன் கூறினும் சொல்லமைப்பு அதுவே, காரணமோ இழிப்பு. இலக்கணம் இரண்டையும் அமைக்கும். ஆயின், அமைத்தல் வேறு, போற்றுதல் வேறு. இலக்கணம் காரணத்தைக் கண்டு கூறுவதோடு நின்றுவிடும். அக்காரணம் நல்லதோ தீயதோ எனத் தேர்வது அறத்தின் கடமை. மனிதரை அஃறிணையாக்கும் வாய்க்கு நன்னூலை அரணாகக் கொள்ளுதல் பொருந்தாது.

மற்றொரு மயக்கத்தையும் நீக்க வேண்டும். விதி தளர்ந்தமையால் விதியே இல்லை என்பார் உளர். அது பொருந்தாது. வழாநிலை இன்னதென அறியாதவிடத்து வழுவமைதி என்னும் பெயருக்கே இடமில்லை. மகளை 'வாடா' என்பதன் இனிமை, 'வாடி' என்பதே முறை என்பதை இருவரும் அறிந்திருத்தலாற் பிறக்கின்றது. அறியாமையால் மாறிய சொல் வழுவே. கருத்தோடு மாறிய சொல்லே வழுவமைதி.

ஆகவே, மலையக மாணவன் கட்டுரையில் வீட்டுமொழி நுழைந்துழிச் சிவப்பு மை கொண்டு அடித்தற்குமுன், அம்மாற்றத்தின் காரணம் யாது என வினவுதல் ஆசிரியர் கடனாகும். காரணம் இல்லையெனின் விதியைக் கற்பிக்க. இருப்பின் அதன் பெயரைக் கற்பிக்க. தன் தாயின் பேச்சுக்கு நன்னூலில் இடமுண்டு என்று அறிந்த மாணவன் இலக்கணத்தைக் கண்டு அஞ்சான். தன் மொழியைக் குறித்து நாணவும் மாட்டான்.